ஈரத்துணி சொன்ன சாட்சி

ஐயையோ அக்காவுக்கு அந்தப் பெயரை யாரும் கூடி உட்கார்ந்து வைக்கவில்லை. அவள் வாயே வைத்துக்கொண்டது. கதவு டப்பென்று சாத்தினால் ஐயையோ. போன் அடித்தால் ஐயையோ. போன் அடிக்காமல் இருந்தால், ஏன் அடிக்கவில்லை, யாருக்கு என்ன ஆச்சோ என்று அதற்கும் ஒரு ஐயையோ. லிப்டில் ஏறமாட்டாள், நடுவில் நின்றுவிட்டால்? மாடிப்படியில் கைப்பிடியை விடமாட்டாள், நிற்காமல் உருண்டுவிட்டால்?

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக ஒரு கோழியைக்கூட இடிக்காத மனிதர். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓட்டுகிற பஸ்ஸில் அவள் ஏறியதில்லை.

"ஊரே என்னை நம்பி ஏறுது. நீ மட்டும் ஏறமாட்டேங்கறே" என்பார் அவர்.

"ஊருக்கு என்னங்க, போனா அவங்கவங்க உயிர் மட்டும்தான் போகும். எனக்கு உங்களுதும் சேர்ந்துல்ல போகும்" என்பாள் அவள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படிப்பட்டவளுக்கு முதலில் வாய்த்த வேலை முட்டைக் கிடங்கில். ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, தட்டில் அடுக்கவேண்டும். பயந்தவள் கையில் முட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும்? உடையவே உடையாது. பதினோரு வருடத்தில் அவள் உடைத்தது நான்கே நான்கு. எந்தக் கிழமை, எந்தத் தட்டு, எத்தனையாவது வரிசை என்று இன்றைக்கும் சொல்வாள், செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்கிற குரலில்.

கிடங்கு வேறு ஊருக்கு மாறியபோது, வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த விலங்குக் காப்பகத்தில் பூனைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். நாய் என்றால் அவளுக்குப் பெரிய பயம், பூனை என்றால் சின்ன பயம். அவளுடைய தகுதி அவ்வளவுதான். சேர்ந்துவிட்டாள்.

காப்பகம், ஒரு காலத்தில் மரப்பட்டறையாக இருந்த நீளக் கட்டடம். முன்பாதியில் நாற்பது நாய்கள், பின்பாதியில் பூனைகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு சின்ன அறை. சுவரில் பாதி உயரத்துக்கு வெள்ளை ஓடு, ஒரு ஸ்டீல் மேஜை, மருந்து வாடை, ஆறு கூண்டுகள். ஒன்றில் கண் தெரியாத பூனை. ஒன்றில் காது கேட்காதது. ஒன்றுக்கு நரம்புக் கோளாறு, தலை எப்போதும் இடம் வலமாக ஆடும். சாப்பிடுகிறாயா என்று கேட்டாலும் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டே முழுத் தட்டையும் காலி பண்ணும். ஆறாவது கூண்டில் இருந்தவன் துடைப்பம்.

அவன்தான். அது என்று சொன்னால் அக்கா முறைப்பாள். சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், முகத்தில் எப்போதும் 'உன்னை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்' என்கிற பார்வை. ஏதோ ஒரு வண்டி இடுப்பின்மேல் ஏறி இறங்கிப் போயிருந்தது. முன்னங்கால் இரண்டும் பயில்வான். பின்னங்கால் இரண்டும் சும்மா கூட வருகிற விருந்தாளி. முன்கால்களால் இழுத்துக்கொண்டு ஓடும்போது பின்பாதி தரையைக் கூட்டிக்கொண்டே வரும். அவன் போன வழியெல்லாம் பளிச்சென்று ஒரு கோடு விழும். பெயர் அப்படி வந்தது.

"கால் ஒரு பிரச்சினையே இல்ல" என்றார், வாரம் இரண்டு நாள் வரும் டாக்டரம்மா. "இவனால தானா சிறுநீர் போக முடியாது. பை நிறையும். வெளிய தள்ளுன்னு சொல்ற நரம்பு செத்துப்போச்சு. ஒரு நாளைக்கு மூணு வேளை யாராவது வயித்தைப் பிடிச்சு, மெதுவா அமுக்கி எடுக்கணும். அவன் உயிரோட இருக்கற வரைக்கும்."

அறையில் நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசர வேலை ஞாபகம் வந்தது. நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். ரகசியம் சொன்னாலே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும் தொண்டை. அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினான்.

"டாக்டர், என் கையப் பாருங்க. இது அமுக்கினா மூத்திரம் மட்டுமா வரும்? மூளையும் சேர்ந்து வந்துடும்."

அக்கா அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது உள்பக்கம் இழுத்துத் திறக்கிற கதவு. டாக்டரம்மா வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"வெடிச்சிடுமா டாக்டர்?"

"ரொம்ப அமுக்கினா வெடிக்கும்."

"அமுக்காம விட்டா?"

"அப்பவும் வெடிக்கலாம். இல்லாட்டி விஷம் ரத்தத்துல ஏறும்."

"ஐயையோ."

"நடுவுல ஒரு அளவு இருக்குக்கா. அதக் கை கத்துக்கும்."

அக்கா விரல்களை அவன் அடிவயிற்றில் வைத்தாள். உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஒரு உருண்டை நழுவியது. விரல்கள் திடுக்கிட்டன. முட்டை! தோலுக்குக் கீழே, ஓடே இல்லாத முட்டை. உடைந்தால் ஐந்தாவது.

அன்றைக்கு ஆரம்பித்தது எட்டு மாதம் ஓடியது. காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஏழு. கூண்டுக் கம்பியின் இடது ஓரத்தில் துணி காயப்போடும் கிளிப் மூன்று, நீல நிறம். ஒரு வேளை எடுத்ததும் ஒரு கிளிப் வலது ஓரத்துக்குப் போகும். மறதிக்கும் சந்தேகத்துக்கும் இடமில்லாத ஏற்பாடு. எடுப்பதற்குமுன் ஒவ்வொரு முறையும் அக்காவுக்கு உள்ளங்கை வேர்க்கும். துடைத்துக்கொள்வாள். கண்ணை மூடி இருபது வரை எண்ணிக்கொண்டே அமுக்குவாள். துடைப்பம் சுவரைப் பார்த்துக்கொண்டு அவளுடைய ஏழு தலைமுறையையும் திட்டுவான். முடிந்ததும் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டில் ஒரு நிமிடம் உட்காருவாள். ஆயிரம் முறை செய்தால் பயம் போய்விடும் என்பார்கள். அவள் கணக்கில் எழுநூறைத் தாண்டியும் ஒரு துளி குறையவில்லை.

வார லீவிலும் வந்தாள். டாக்டரம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து போன். தும்மினான் என்று ஒன்று. தும்மவில்லை என்று ஒன்று. ஒருநாள், "டாக்டர், இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கான், எனக்குப் பயமா இருக்கு" என்று ஒன்று.

அன்றைக்கு டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உங்க கை தங்கம். மனசுதான் உங்களைக் கொல்லுது. வாரத்துல ஒரு நாள் லீவு எடுங்க. ஸ்பீக்கருக்குக் கத்துக்குடுத்தாச்சுல்ல, அவர் பாத்துக்கட்டும். இனிமே ஏதாவது நடந்தா போன் பண்ணுங்க. பயமா இருந்தா பண்ணாதீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சரி, இனி தைரியசாலி ஆகிவிடுவது என்று முடிவெடுத்தாள். பயந்தவள் எடுக்கிற தைரியமான முடிவைப்போல ஆபத்தானது உலகத்தில் எதுவுமில்லை.

அடுத்த லீவு நாள் காலை ஆறு மணிக்கு அவளே வந்து எடுத்தாள். வீட்டுக்காரரின் முதல் பஸ் ஆறரைக்கு. அதைப் பிடிக்கும் அவசரத்தில் பன்னிரண்டோடு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். போதும், வந்துவிட்டது என்று நினைத்தாள். முதல் கிளிப்பை நகர்த்திவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால், கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நடையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் ஐயையோ. மூன்றாவது நடையில் இரண்டு வளைவுக்கு ஒன்று. வீட்டுக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துப் புதுமாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஒரு மணிக்குப் போன் வந்தது. ஸ்பீக்கர். காதில் வைக்கவே தேவையில்லை, கடைசி சீட்டுவரை கேட்டது.

"அக்கா! தொடப்பம் தானே மூத்திரம் பெஞ்சுட்டான்க்கா! துணியெல்லாம் ஈரம்! நான் தொடவே இல்ல. செத்த நரம்பு பொழச்சுக்கிச்சுக்கா!"

"வயித்தத் தொட்டுப் பாத்தியா தம்பி?"

"எதுக்குக்கா தொடணும்? துணியே சாட்சி சொல்லுதே!"

ஸ்பீக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. கடிநாயைக் கழுத்தில் பிடித்துத் தூக்குகிறவன், அந்த எலுமிச்சம்பழ உருண்டைக்கு நடுங்குவான். கற்றுக்கொண்டபோது நான்கு முறை அமுக்கியிருக்கிறான். நான்கு முறையும் சட்டையைப் பிழியலாம் என்கிற அளவுக்கு வேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவனுக்கு ஈரத்துணி என்றால், மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி. காரணம் கேட்பானா? இரண்டாவது கிளிப்பை வலப்பக்கம் தள்ளிவிட்டான்.

அக்காவின் கட்டைவிரல் டாக்டரம்மாவின் நம்பர்மேல் போய் நின்றது. பயமா இருந்தா பண்ணாதீங்க. போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கண்டக்டர் விஷயத்தைப் பஸ் முழுக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பூனையின் மூத்திரத்துக்காக நாற்பது பேர் கைதட்டியது உலகத்தில் அன்றைக்கு மட்டும்தான் இருக்கும். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஏழு மணிக்கு மறுபடியும் ஸ்பீக்கர். "மாத்தின துணியும் ஈரம்க்கா! கொழா மாதிரி போறான்!" மூன்றாவது கிளிப்பும் போயிற்று. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒருதடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

"இன்னைக்கு ஒரு நாள் பயத்துக்கும் லீவு குடேன்" என்றார் வீட்டுக்காரர்.

செருப்பைக் கழற்றினாள்.

காப்பகத்தின் வெளிக் கதவிலிருந்து அந்தச் சின்ன அறைக்கு நாற்பது அடி. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே துடைப்பம் உள்ளேயிருந்து திட்ட ஆரம்பித்துவிடுவான். எட்டு மாதமாக அதுதான் வழக்கம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா தாழ்ப்பாளைத் தூக்கினாள். சத்தமில்லை. ஒருவேளை சரியாகத் தூக்கவில்லையோ என்று கீழே போட்டு மறுபடியும் தூக்கினாள்.

சத்தமில்லை.

நாற்பது அடியையும் எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. துணி ஈரமாக இருந்தது. சாப்பாட்டுத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்று நீலக் கிளிப்புகளும் வலது ஓரத்தில் சமர்த்தாக வரிசை கட்டியிருந்தன. துடைப்பம் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை. கூண்டுக்குள் கையை விட்டு அடிவயிற்றைத் தொட்டாள்.

எலுமிச்சை இல்லை. முட்டை இல்லை. கைக்குள் அடங்காமல், மாதுளம்பழம்போல ஒன்று, கல்லாக இறுகிப்போய் இருந்தது.

வீட்டில் குழாயை மூட மறந்தால் தொட்டி நிரம்பித் தரை நனையும். தரை நனைந்திருக்கிறது, அதனால் தொட்டி காலி என்று எந்தப் பைத்தியமாவது சொல்வானா? நிரம்பினால்தான் வழியும். நேற்று முழுக்கத் துடைப்பம் போகவே இல்லை. தாங்கமுடியாமல் வழிந்துகொண்டிருந்தான். அதற்குத்தான் நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவின் நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தினாள்.

"ஏதாவது நடந்துடுச்சாக்கா?"

"நடந்துடுச்சு டாக்டர்."

அவர் ஒரு பண்ணையில் மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தார். கிளம்பி வர ஐம்பது நிமிடம் ஆகும். "அதுவரைக்கும் அவன் தாங்குவானான்னு தெரியலக்கா. கொஞ்சமாவது எடுத்தாகணும். பாதி எடுத்தாப் போதும். ஆனா பை இப்ப ஊதின பலூன் மாதிரி மெல்லிசா இருக்கும். எப்பவும் அமுக்கற மாதிரி அமுக்கிடாதீங்க."

"அப்ப எப்படி அமுக்கறது?"

போனில் மாடு கத்தியது. "சொல்லத் தெரியலக்கா. மெதுவா. அதைவிட மெதுவா. வரலேன்னா விட்டுடுங்க." டாக்டரம்மாவின் குரலும் நடுங்கியது. டாக்டருக்கே பயம் என்றால் மிச்சப் பேர் எங்கே போவது?

இரவில் நாய்ப் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் ஸ்பீக்கர் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தான். அக்கா முகத்தைப் பார்த்தான், கிளிப்பைப் பார்த்தான், பிரஷ் கீழே விழுந்தது.

"அக்கா... துணி ஈரமா..."

"நேத்து காலைல நானும் எட்டு எண்ணிக்கை கொறச்சுட்டேன் தம்பி. அழறத அப்புறம் சேர்ந்து அழலாம். தலையப் பிடி."

துடைப்பத்தை மேஜையில் கிடத்தினார்கள். மேஜை கடகடவென்று ஆடியது.

"ஆட்டாதடா."

"நான் இல்லக்கா."

"சரி, ரெண்டு பேரும்தான். பிடி."

முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாவது தடவை துடைப்பம் ஒரு சத்தம் போட்டான். திட்டு இல்லை. எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, நீளமாக, மெலிதாக ஒன்று. அக்கா கையை எடுத்துவிட்டாள்.

"வேணாம்க்கா" என்றான் ஸ்பீக்கர். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் குரல் அறையைத் தாண்டவில்லை. "டாக்டர் வரட்டும். நம்ம கையில போயிடப் போகுது."

அக்காவுக்கும் அதேதான் வேண்டியிருந்தது. கதவு இரண்டடி தூரத்தில். எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட இப்போது தெரியும். நம் கையில் போகவில்லை என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். சுவர்க் கடிகாரப்படி டாக்டர் வர இன்னும் நாற்பத்தொரு நிமிடம் மிச்சமிருந்தது. துடைப்பத்தின் ஈறு வெளுத்துக்கொண்டு வந்தது.

கிடங்கில், விளக்கில் பிடிக்கும்போது மயிரிழை விரிசல் தெரிகிற முட்டைகள் வரும். அவற்றைப் பிடிக்கவும் கூடாது, விடவும் கூடாது. நான்கு விரலைக் கீழே கொடுத்து, கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, முட்டை தானாகக் கையில் உட்காரும்வரை இருக்கவேண்டும். அக்கா கையை அப்படி வைத்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை. எண்ணவுமில்லை. எதுவரை எண்ணுவது? அமுக்காமல் வெறுமனே வைத்திருந்தாள். துடைப்பம் மூச்சு விடும்போது வயிறு ஒரு நூல் இறங்கும். அவள் கையும் ஒரு நூல் இறங்கும். அவன் மூச்சு இழுக்கும்போது கை ஏறாது. அங்கேயே நிற்கும். இன்னொரு மூச்சு. இன்னொரு நூல்.

ஒரு சொட்டு வந்தது. ரோஜா நிறத்தில்.

"ரத்தம்க்கா."

"பாத்துட்டேன்."

இன்னொரு சொட்டு. நின்றது. அவள் தோளிலிருந்து விரல் நுனிவரை இழுத்துப் பிடித்தது. இன்னொரு மூச்சு. இன்னொரு நூல். அப்போது, கைக்குள் இருந்த உருண்டை திடீரென்று காணாமல் போனது.

கல்லாக இருந்தது, இல்லை. கையில் தொளதொளவென்று தோல் மட்டும்.

ஐந்தாவது.

அக்கா வாயைத் திறந்தாள். ஐயையோ வரவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் கைவிடாத சொல், வேண்டிய நேரத்தில் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்த ஸ்பீக்கர்தான் அவளுக்கும் சேர்த்துக் கத்தினான்: "ஐயையோ!" முன்பக்கத்து நாற்பது நாய்களும் ஒன்றாகக் குரைத்தன.

அந்த இரைச்சலுக்கு நடுவே அவளுக்கு முழங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. பிறகு கணுக்கால். பிறகு செருப்புக்குள். குனிந்து பார்த்தாள். மேஜை விளிம்பிலிருந்து அவள் ஏப்ரன்மேல், ஏப்ரனிலிருந்து தரைக்கு, கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எதுவும் உடையவில்லை. அணை திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அக்கா, உங்க மேலெல்லாம்..."

"ஆகட்டும்."

துடைப்பம் கழுத்தைத் திருப்பி ஸ்பீக்கரின் கட்டைவிரலைக் கவ்வினான்.

"கடிக்கறான்க்கா! கடிக்கறான்!"

"கடிக்கட்டும்டா" என்றாள் அக்கா. "நல்லா கடிக்கட்டும் என் ராசா." அந்தக் குளத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சேர்ந்து அழலாம் என்று ஒத்திவைத்திருந்ததை இருவரும் அப்போது அழுது முடித்தார்கள்.

டாக்டரம்மா வந்து மிச்சத்தைக் குழாய் போட்டு எடுத்தார். பை இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது, மறுபடி இறுகலாம், இறுகாமலும் போகலாம் என்றார். நான்கு நாள் குழாயோடு கிடந்தான். நான்கு நாளும் அக்கா கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, பக்கத்தில் நின்றுவிட்டுப் போவார். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தபின், அக்கா உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு அவன் வயிற்றைத் தொட்டாள். எலுமிச்சம்பழம். இருபது வரை எண்ணினாள். அதன்பின் இன்னும் ஐந்து.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா" என்றார் டாக்டரம்மா. "பயமா இருந்தாப் பண்ணுங்க." மறுநாளே ஐந்து போன். சொல்லியிருக்கவே வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

இப்போது அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. வயிற்றைத் தொட்ட கைதான் கிளிப்பைத் தொடலாம். துணி என்ன சொன்னாலும் காதில் வாங்கக்கூடாது. ஸ்பீக்கருக்குப் பயிற்சி கொடுக்க அக்கா ஒரு தட்டு முட்டை கொண்டுவந்தாள். உடையாமல் இருபது எண்ணும்வரை பிடித்திருக்கவேண்டும். முதல் நாள் பத்தொன்பது உடைத்தான். அந்த வாரம் நாய்களுக்கு நல்ல யோகம். இப்போதெல்லாம் உடைப்பதில்லை, ஆனால் வேர்க்கிறது. வேர்க்கட்டும் என்கிறாள் அக்கா.

லீவு நாளில் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறுகிறாள். மதியம் ஒரு மணிக்குள் காப்பகத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள்.

மற்றபடி அவள் மாறவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வெளிக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்குவாள். தூக்கிவிட்டு அங்கேயே நிற்பாள், ஒரு காலை உள்ளே வைத்து, ஒரு காலை வெளியே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. நாய்கள் குரைக்கும். அது கணக்கில் இல்லை. கட்டடத்தின் கடைசியிலிருந்து, கரகரவென்று, அவள் ஏழு தலைமுறையையும் இழுக்கிற அந்தக் குரல் வரவேண்டும். சில நாள் உடனே வரும். சில நாள் அவன் தூங்கிக்கொண்டிருப்பான், கொஞ்சம் நேரமாகும். அதுவரைக்கும் அவள் அந்த இன்னொரு காலை உள்ளே எடுத்துவைப்பதில்லை.